பட்டாலையில் உறுமும் நாஸ் பெட்டி: ஃபேனை நாமே மாற்றலாமா?

பட்டாலைவாசி · மே 2, இரவு 11:38

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு டிஸ்க் போடுகிற சின்ன நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமிக்கிற பெட்டி) ஒன்று நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஐயா காலத்து ரங்கூன் கடிதங்கள், பர்மாக் கடைப் பேரேடுகள், வீட்டுக் கல்யாணங்களின் இசைகுடிமானத் தாள்கள் (எங்கள் பக்கத்துக் கல்யாணப் பதிவுப் பத்திரம்) எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். போட்டோ, வீடியோவையும் சேர்த்தால் 1.4 டிபி (டெராபைட்).

பத்து நாளாகச் சத்தம். முதலில் காலையில் பெட்டி விழிக்கும்போது மட்டும் கிர்ர் என்று கொஞ்ச நேரம் கேட்டது. இப்போது இரவு முழுக்கக் கேட்கிறது. காய்ந்த மிளகாயை அம்மியில் வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே ஒரு டிக். பகலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரவில்தான் பிரச்சினை. முற்றத்தைச் சுற்றிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், மேலே தேக்கு. திரைச்சீலை, மெத்தை என்று சத்தத்தை விழுங்க ஒன்றுமில்லை. முன்னால் முதற்கட்டில் டம்ளர் விழுந்தால் கடைசியில் மூன்றாங்கட்டில் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெட்டி இருக்கிற பட்டாலையில்தான், அதாவது கூடத்தில்தான், அப்பத்தா படுப்பார். நேற்று இரவு என்னை எழுப்பி, "ஏப்பா, அந்த அலமாரிக்குள்ள யாரு அழுகுறாக?" என்று கேட்டார்.

வாங்கிய கடையில் விசாரித்தேன். பெட்டியை அப்படியே சென்னைக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும், டிஸ்கில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். ஃபேனை நானே மாற்றலாமா? ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பேன், சால்டரிங் சுமாராக வரும்.

ரிச்சித்தெரு_தம்பி · மே 3, காலை 7:15

மாற்றலாம் அண்ணே, பயப்படாதீர்கள். ஆனால் சத்தம் போடுவது ஃபேன்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் இரண்டு பேர் ஃபேனைக் குற்றம் சொல்லிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் டிஸ்க் சாகக் கிடக்கும்.

பெட்டியின் செட்டிங்கில் ஃபேன் வேகம் என்று ஒரு இடம் இருக்கும். அமைதி, குளிர்ச்சி, முழு வேகம் என்று மூன்று நிலை. முழு வேகத்தில் வைத்துவிட்டுக் காது கொடுங்கள். அந்தக் கிர்ர் மேலே ஏறினால் ஃபேன். ஃபைல் காப்பி செய்யும்போது மட்டும் கறகற என்றால் டிஸ்கின் தலை நகர்கிற சத்தம், அது இயல்பு. பெரிய கொள்ளளவு டிஸ்க் சிலவற்றில் ஐந்து விநாடிக்கு ஒரு முறை மெல்லத் தப் என்று கேட்கும். அதுவும் நோயில்லை. ஆனால் பலமாக டக் டக் என்று அடித்து, நடுவே பெட்டி திணறினால் ஃபேனை மறந்துவிட்டு முதலில் காப்பி எடுங்கள்.

எப்படியும் காப்பி எடுக்கத்தான் வேண்டும். இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு இருக்கிறது என்பது காப்பி ஆகாது. நீங்கள் தவறி ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் சொருகி 1.4 டிபியை இறக்க, விநாடிக்கு நூறு எம்பி போனாலும் நாலு மணி நேரம். சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். சாயங்காலம் ஆரம்பித்துவிட்டுப் படுங்கள்.

அப்புறம் டிஸ்க் சூடு எவ்வளவு காட்டுகிறது? டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் 194ஆம் எண்.

மேகத்தில்_போடு · மே 3, காலை 9:02

இந்தக் காலத்தில் எதற்கு வீட்டில் பெட்டி? கிளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

பட்டாலைவாசி · மே 3, இரவு 10:47

@மேகத்தில்_போடு: எங்கள் தெருவில் எனக்குக் கிடைக்கும் அப்லோடு நல்ல நாளில் விநாடிக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 எம்பி. நிற்காமல் ஏற்றினாலும் 13 நாள் ஆகும். அந்த 13 நாளும் கரண்ட் நிற்காமல் இருக்க வேண்டும்.

@தம்பி: காப்பி எடுத்தாயிற்று, காலையிலேயே தொடங்கியது சாயங்காலம் வரை ஓடியது. முழு வேகத்தில் வைத்தேன். கிர்ர் இரண்டு மடங்காகிக் கீச்சுக்குரலாக மாறியது. ஆகவே ஃபேன்தான். சூடு இரவு பத்து மணிக்கு ஒரு டிஸ்க் 49 டிகிரி, இன்னொன்று 52. மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் 55, 57.

மின்வேதி_ஓய்வு · மே 4, காலை 6:10

57 என்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், காரைக்குடியிலேயே தங்கிவிட்டேன். தம்பி, அந்த அலமாரிக்குக் கதவு உண்டா?

பட்டாலைவாசி · மே 4, காலை 8:31

உண்டு ஐயா. சுவருக்குள் பதித்த தேக்கு அலமாரி. தூசி போகாமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். வயர் போகப் பின்னால் சின்ன ஓட்டை மட்டும் போட்டிருக்கிறேன்.

மின்வேதி_ஓய்வு · மே 4, காலை 9:45

நினைத்தேன். செட்டிநாட்டு வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நிலைக்கு நேர் நிலை வைத்து, நடுவில் முற்றத்தைத் திறந்து, தெருவுக்குத் தெரு காற்று ஓடும்படிதான் கட்டினார்கள். அந்த வீட்டில் காற்றே புகாத ஒரே இடம் சுவர் அலமாரி. பட்டுப்புடவை வைக்கிற இடம் அது. நீங்கள் கொண்டுபோய் அதில் அடுப்பை வைத்திருக்கிறீர்கள். பெட்டி வெளியே தள்ளுகிற சூட்டுக்காற்றைத் திரும்பத் திரும்ப அதுவே இழுத்துக் குடிக்கிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதே காற்றுத்தானே?

இப்போது ஃபேனுக்கு வருவோம். மலிவான ஃபேனில் தண்டு சுற்றுவது ஒரு வெண்கலப் புஷ்ஷுக்குள். வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்வார்கள். பஞ்சு மாதிரி நுண்துளைகள் இருக்கும், அதில் எண்ணெய் ஊறியிருக்கும். சூடு ஏற ஏற எண்ணெய் ஆவியாகும், மிச்சம் பிசினாகும். அப்புறம் தண்டு ஆடும், ஆடினால் தேயும், தேய்ந்தால் கிர்ர். காலையில் மட்டும் கத்தியது என்றீர்களே, குளிர்ந்திருக்கும்போது மிச்ச எண்ணெய் கெட்டியாக இருந்திருக்கும், ஓடிச் சூடானதும் இளகி வழி விட்டிருக்கும். இப்போது இளகுவதற்கே எண்ணெய் இல்லை.

டிஸ்க் சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான சூடு டிஸ்கைக் கொல்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு அதில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. சூடு மிக அதிகமாகி, டிஸ்கும் வயதானதாக இருந்தால்தான் பழுது கூடியது. ஆகவே 42, 43 என்றால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் உங்கள் டிஸ்குக்கு நாலு வயது, 57ஐத் தொடுகிறது. பெரும்பாலான டிஸ்குகளுக்கு உற்பத்தியாளர் போடும் உச்ச வரம்பே 60 அல்லது 65தான். இன்னும் கத்திரி வேறு பாக்கி இருக்கிறது.

புது ஃபேன் வரும்வரை கதவைத் திறந்து வையுங்கள். இன்றைக்கே.

பள்ளத்தூர்_பையன் · மே 4, பகல் 1:20

எங்கள் வீட்டு சிபியு ஃபேனும் இப்படித்தான் கத்தியது. ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் டக்கென்று நின்றது.

ரிச்சித்தெரு_தம்பி · மே 4, பகல் 1:34

எத்தனை நாளைக்கு?

பள்ளத்தூர்_பையன் · மே 4, பகல் 1:36

ஒரு மாதம். அப்புறம் ஃபேனே நின்றது.

மின்வேதி_ஓய்வு · மே 4, மாலை 5:05

தேங்காய் எண்ணெய் பணியாரத்துக்கு ஆகும். தாவர எண்ணெய் எதுவும் காற்றுப் பட்டால் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும், தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம். இருக்கிற பசையையும் கரைத்துக்கொண்டு அது பறந்துவிடும், இரண்டு நாளில் முன்னைவிட மோசமாகக் கத்தும்.

எண்ணெய் விடுவது தற்காலிகம்தான். தேய்ந்த உலோகம் திரும்ப வளராது. புது ஃபேன் வரும் வரைக்கும் அப்பத்தா தூங்கட்டும், அவ்வளவே.

பட்டாலைவாசி · மே 5, இரவு 9:50

இன்று திறந்தேன். விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

செட்டிங்கில் போய் முறைப்படி ஷட்டவுன் கொடுத்து, விளக்கெல்லாம் அணைந்தபின் வயரை உருவினேன். இரண்டு டிஸ்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2 என்று எழுதிக்கொண்டேன். தம்பி போனில் சொன்னது. மாற்றிச் சொருகினாலும் பல பெட்டிகள் சமாளித்துக்கொள்ளும், ஆனால் சோதித்துப் பார்க்க இது நேரமில்லை என்றார். பின்பக்கம் இரண்டு திருகு. மேல் ஓட்டைப் பின்னால் தள்ளித் தூக்கினால் கழன்று வருகிறது. தள்ளாமல் தூக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடையும். எனக்கு ஒன்று உடைந்தது.

ஃபேனைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஏழு இறக்கையின் முன்விளிம்பிலும் கம்பளிப்புழு மாதிரி தூசி. கறுப்புத் தூசியில்லை, வெள்ளை. மேலே சுண்ணாம்பு உதிர்வதை இத்தனை நாளும் பெட்டி மென்றுகொண்டிருந்திருக்கிறது. சட்டத்தின் மூலையில் ஒட்டடை, அதில் பல்லி முட்டை ஓடு ஒன்று. கதவைச் சாத்தி வைத்தால் தூசி போகாது என்று நினைத்த என் புத்திசாலித்தனம் இவ்வளவுதான்.

பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். காற்று பம்ப்பால் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி, மோட்டாரே டைனமோ மாதிரி கரண்ட் உற்பத்தி செய்துவிடும் என்கிறார் தம்பி.

நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைக் கத்தி முனையால் பாதி உரித்தேன். கீழே தண்டின் முனையும் ஒரு பிளாஸ்டிக் வளையமும். சுற்றிலும் பழுப்பாக, வெல்லப்பாகு காய்ந்த மாதிரி. காதுக்குச்சியால் துடைத்து, அப்பத்தாவின் தையல் மெஷின் டப்பாவிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் பத்துச் சுற்று சுற்றி, இன்னொரு சொட்டு. ஸ்டிக்கர் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டவில்லை. சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்தபின் ஒட்டிக்கொண்டது.

இப்போது சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. கதவும் திறந்திருக்கிறது. சூடு 46, 48. ஒரு சொட்டு எண்ணெய்க்கும் ஒரு கதவுக்கும் இவ்வளவா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

ரிச்சித்தெரு_தம்பி · மே 5, இரவு 10:22

சந்தோஷம் அண்ணே. ஏமாந்து உட்கார்ந்துவிடாதீர்கள், அது இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கத்தும். புது ஃபேனுக்கு அளவு எடுங்கள். சட்டம் எத்தனை மில்லிமீட்டர், தடிமன் எவ்வளவு, வயர் எத்தனை.

சட்டத்தை அளக்கத் தகராறாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துத் திருகு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை அளங்கள். 71.5 மிமீ என்றால் அது 80 ஃபேன். 82.5 என்றால் 92. 105 என்றால் 120. தடிமனை மறந்துவிடாதீர்கள். வழக்கமாக 25, ஆனால் சில பெட்டிகளில் 15 அல்லது 20தான் நுழையும்.

பட்டாலைவாசி · மே 6, காலை 7:40

ஓட்டைக்கு ஓட்டை 82.5, தடிமன் 25. மூன்று வயர்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள். ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.18 ஆம்பியர். பிளக் மட்டும் ரொம்பப் பொடி, கம்ப்யூட்டர் ஃபேன் பிளக்கில் முக்கால் அளவு கூட இருக்காது.

ரிச்சித்தெரு_தம்பி · மே 6, காலை 8:15

அப்படியென்றால் 92 மிமீ, மூன்று பின். நாலு வயர் ஃபேனில் நாலாவது வயர்தான் வேகக் கட்டளையைக் கொண்டுபோகும். உங்கள் பெட்டியில் அது கிடையாது, வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றுகிறது. அதனால் மூன்று பின் ஃபேனே பொருத்தம்.

ஆஸ்திரியாக்காரர்களின் நாக்டுவாவில் என்எப்-ஏ9 எப்எல்எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 92 மிமீ, 25 தடிமன், அதிகபட்சம் நிமிடத்துக்கு 1600 சுற்று, ஆறு வருட வாரண்டி. காபியில் பால் அதிகமான நிறம், பார்க்க லட்சணமாக இருக்காது. பெட்டிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். விலை உறைக்கும். அதைவிட மலிவில் நல்லது உண்டு, ஆனால் அட்டைப்பெட்டியில் ஸ்லீவ் (ஐயா சொன்ன அந்தப் புஷ் வகை) என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் பார்த்து வாங்குங்கள். பால் பேரிங் சூட்டைத் தாங்கும், கொஞ்சம் முனகும். பட்டாலைக்கு ஃப்ளூயிட்தான்.

கல்பதிப்பு · மே 6, பகல் 12:10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். எங்களிடம் நாஸ் இல்லை, சிசிடிவி ரெக்கார்டர். அதற்குள் தீப்பெட்டி அகலத்தில் ஒரு குட்டி ஃபேன். உருவத்தில் அவ்வளவு சின்னது, கொசு காதுக்குள் புகுந்த மாதிரி கத்துகிறது. போன வாரம் வந்த தம்பதி, "வீடு அழகு, ஆனால் முகப்பில் ஏதோ பூச்சி இருக்கிறது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். இதற்கும் பெரிய ஃபேன் போடலாமா?

மின்வேதி_ஓய்வு · மே 6, மாலை 4:30

ஆச்சி, அது 40 மிமீ ஃபேன். சின்ன இறக்கை போதிய காற்றைத் தள்ள வேண்டுமென்றால் நாலாயிரம் ஐயாயிரம் சுற்று ஓடியாக வேண்டும், அதனால்தான் கீச்சுக்குரல். சத்தத்தின் கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்தால்கூட 5 டெசிபல் போகும். அதனால்தான் பெரிய ஃபேன், மெதுவான சுற்று என்று எல்லோரும் தேடுகிறார்கள்.

உங்கள் பெட்டிக்குள் பெரியது நுழையாது. மூடியில் ஓட்டை போட்டு மேலே 80 மிமீ ஃபேனை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஒரே ஒரு டிஸ்க்தான் என்றால் பெட்டியை முகப்பிலிருந்து எடுத்து, ஆள் படுக்காத காற்றோட்டமான அறைக்கு மாற்றுவது சுலபம். கேமரா வயரைத்தானே நீட்ட வேண்டும்.

கல்பதிப்பு · மே 6, மாலை 6:55

ஒரே டிஸ்க்தான் ஐயா. வயர் நீட்டுகிறவரிடம் சொல்லிவிட்டேன், நாளை வருகிறேன் என்றார். எங்கள் ஊர் நாளை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஃபேன் கதையைத் தொடருங்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நாள் வரைக்கும் இந்த இழை ஓடும் போலிருக்கிறது.

பட்டாலைவாசி · மே 14, இரவு 9:15

தாமதத்துக்குக் காரணம், ஆன்லைனில் வாங்கியது. 92 என்று போட்டிருந்தான், வந்தது 80. சட்டத்தைத் திருகு ஓட்டையில் வைத்தால் எலிப்பொறியில் சுண்டெலி மாதிரி ஆடுகிறது. திருப்பி அனுப்பினேன். கடைசியில் தம்பியே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, ஊருக்கு வந்த உறவினர் கையில் கொடுத்துவிட்டார். பல்லவன் ரயிலில் வந்து இறங்கிற்று. தம்பி, அந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. கருப்பட்டிப் பணியாரமா, கவுனி அரிசியா, சொல்லுங்கள்.

நாளை மாற்றப் போகிறேன். பிளக் சேராது. பழைய ஃபேனின் பிளக்கை வயரோடு வெட்டிப் புது ஃபேனில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். கறுப்புக்குக் கறுப்பு, மஞ்சளுக்கு மஞ்சள்.

ரிச்சித்தெரு_தம்பி · மே 14, இரவு 9:19

அண்ணே நில்லுங்கள்!! மஞ்சளுக்கு மஞ்சள் ஒட்டாதீர்கள்!

உங்கள் பழைய ஃபேனில் கறுப்பு எர்த், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் வயர். புது ஃபேன் வேறு வழக்கம்: கறுப்பு எர்த், மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சைதான் வேகம் சொல்வது. நிறத்தை நம்பி ஒட்டினால் வேகம் படிக்கிற இடத்தில் ஃபேனின் சப்ளை வயர் போய் உட்காரும். ஃபேன் ஓடாது. அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு போகும், இல்லாவிட்டால் போர்டு.

பழைய சிவப்பு புது மஞ்சளோடு. பழைய மஞ்சள் புது பச்சையோடு. கறுப்பு மட்டும் கறுப்போடு. தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பட்டாலைவாசி · மே 14, இரவு 9:24

நல்லவேளை கேட்டேன். உடம்பு ஒரு தரம் சிலிர்த்துவிட்டது.

பள்ளத்தூர்_பையன் · மே 14, இரவு 9:40

நான் கேட்காமல் ஒட்டுகிற ரகம். எனக்கு ஏன் எல்லாம் புகைகிறது என்று இப்போது புரிகிறது.

பட்டாலைவாசி · மே 16, அதிகாலை 3:02

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்றால் நிலவரம் தெரிந்திருக்கும்.

நேற்று மாலை மாட்டினேன். வயர் மூன்றையும் வேறு வேறு நீளத்தில் வெட்டி, ஒட்டின இடங்கள் ஒன்றுக்கொன்று நேராக வராதபடி பார்த்து, ஒவ்வொன்றிலும் சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு மெழுகுவர்த்தியில் காட்டினேன். ஒட்டுவதற்கு *முன்னால்* டியூபை வயரில் கோத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது வயரில்தான் நினைவுக்கு வந்தது. ஃபேன் சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறது, காற்று போகும் திசை. அதைப் பெட்டிக்கு வெளியே பார்க்க வைத்தேன். பெட்டி முன்னாலிருந்து டிஸ்குகளின் இடுக்கு வழியாக இழுத்துப் பின்னால் தள்ளுகிற அமைப்பு. திருகுக்குப் பதில் கூடவே வந்த ரப்பர் முளைகளை இழுத்து மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடப் போராட்டம்.

ஆன் செய்தேன். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று பின்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன், படபடத்தது. அப்பத்தாவிடம் பெருமையாகக் காட்டிவிட்டுப் படுத்தேன்.

சரியாக 2:10க்குப் பெட்டி பீப் பீப் என்று அலற ஆரம்பித்துவிட்டது. அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வளவில் விளக்கு எரிந்தது. "ஃபேன் பழுது" என்று திரையில் சிவப்பு எழுத்து. ஓடிப்போய்ப் பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பத்தா, "முன்னாடி அழுதாக, இப்பக் கூப்பிடுறாக" என்கிறார்.

மின்வேதி_ஓய்வு · மே 16, காலை 5:40

ஃபேனோடு ஒரு குட்டி வயர் துண்டு வந்திருக்குமே, சத்தம் குறைக்கும் துண்டு என்று. அதையும் நடுவில் மாட்டினீர்களா?

பட்டாலைவாசி · மே 16, காலை 6:20

மாட்டினேன் ஐயா. பிளக்கை வெட்டாமல் அந்தத் துண்டையே வெட்டி, அதில் பழைய பிளக்கை ஒட்டினேன். இன்னும் அமைதியாக இருக்கட்டும் என்ற பேராசை. செட்டிங்கும் அமைதி நிலையில்தான் இருந்தது.

மின்வேதி_ஓய்வு · மே 16, காலை 6:55

அதுதான். அந்தத் துண்டுக்குள் இருப்பது ஒரு ரெசிஸ்டர், வோல்டேஜைக் குறைக்கும். பெட்டியோ ஏற்கெனவே வோல்டேஜைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் ஃபேன் நடை தளர்ந்துவிடும். வேகம் சொல்லும் வயர் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பும், பெட்டி அதை எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை அதன் கணக்கில் இருக்கும் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போனால் ஃபேன் செத்துவிட்டது என்று அது முடிவு கட்டும். மாலையில் சூடு இருந்தது, பெட்டி சற்றுக் கூடுதலாக வோல்டேஜ் கொடுத்தது, தப்பித்தது. நடுநிசியில் குளிர்ந்ததும் பெட்டி வேகத்தைக் குறைத்தது, எல்லைக்குக் கீழே போயிற்று.

துண்டைக் கழற்றுங்கள். செட்டிங்கைக் குளிர்ச்சி நிலைக்கு மாற்றுங்கள். அபாய ஒலியை அணைத்து வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம்.

ரிச்சித்தெரு_தம்பி · மே 16, காலை 8:03

ஐயா சொன்னதேதான். அந்தத் துண்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்ல மறந்தது என் தவறு. பணியாரத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பட்டாலைவாசி · மே 19, இரவு 10:05

துண்டு இல்லாமல், குளிர்ச்சி நிலையில் மூன்று இரவு ஓடிவிட்டது. பீப் இல்லை. இரவில் 900 சொச்சம் சுற்று காட்டுகிறது, மதியம் 1300 வரை போகிறது.

ஆனால் இன்னும் ஒரு ஊம்ம் என்ற அடிநாதம் இருந்தது. முன்பு கிர்ருக்கு அடியில் மறைந்திருந்திருக்கிறது. பெட்டியைக் கையில் தூக்கினால் நிற்கும், அலமாரிப் பலகையில் வைத்தால் வரும். டிஸ்க் சுற்றுகிற அதிர்வைத் தேக்குப் பலகை வாங்கி வீணைக்குடம் மாதிரி பெருக்கிக் கொடுத்திருக்கிறது. நூறு வருடம் காய்ந்த பர்மாத் தேக்கு, கேட்க வேண்டுமா.

ஐயா சொன்ன காற்றோட்டத்தையும் யோசித்துப் பெட்டியை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டேன். இப்போது இரண்டாங்கட்டுக்குப் போகும் நடையில், நிலைக்கு ஓரமாக, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கல் திண்டு இருக்கிறதே, அதன் மேல். அடியில் அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கி, எட்டாக மடித்தது. நெய்த துணி அடியிலிருக்கும் காற்றுத் துளையை அடைத்துவிடக் கூடாது என்று நாலு மூலைக்கு மட்டும் வெட்டி வைத்தேன். நல்ல கண்டாங்கி கேட்டேன், கொடுக்கவில்லை.

லேன் வயர் பன்னிரண்டடி கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. இன்று மதியம் வெயில் கொளுத்தியது, டிஸ்க் 43, 44.

மின்வேதி_ஓய்வு · மே 20, காலை 6:00

57இலிருந்து 44. இதில் ஃபேனின் பங்கு மூன்றோ நாலோ டிகிரி இருக்கும். மிச்சம் அந்த நடைக்காற்று.

மாதம் ஒரு தரம் முன்பக்கத்தைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். திறந்த இடத்தில் சுண்ணாம்பு இன்னும் அதிகமாக விழும்.

கல்பதிப்பு · மே 20, காலை 11:25

எங்கள் வயர்க்காரர் வந்துவிட்டார்! ரெக்கார்டர் பின்கட்டுச் சாமான் அறைக்குப் போயிற்று. முகப்பில் இப்போது நிஜப் பூச்சி மட்டும்தான்.

அப்பத்தா தூங்குகிறாரா?

பட்டாலைவாசி · மே 20, இரவு 9:32

அதை ஏன் கேட்கிறீர்கள். நேற்று இரவு ஒன்றரை மணிக்கு எழுப்பினார். "சத்தத்தையே காணோமே, நின்னுபோச்சா பாரு." போய்ப் பார்த்துவிட்டு வந்து ஓடுகிறது என்றேன். நம்பவில்லை. பின்னால் காகிதத்தைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் படுத்தார்.

பள்ளத்தூர்_பையன் · மே 20, இரவு 9:50

அண்ணே, அந்தப் பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? ரவுட்டர் மேல் வைக்கக் கேட்கிறேன்.

பட்டாலைவாசி · மே 20, இரவு 9:58

இருக்கிறது, பிளக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் தம்பி. எந்த வயர் எது என்று தாளில் எழுதி அதிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். தையல் எண்ணெயும் கொஞ்சம் தருகிறேன், வீட்டில் தேங்காய் எண்ணெயைத் தொடாதே.